ஐந்தாம் நிலையத்துத் தண்ணீர்

படகு நான்காம் நிலையத்தில் நின்றிருந்தது. நிலையம் என்றதும் பெஞ்சும் கடிகாரமும் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். கடலுக்கு நடுவே, வரைபடத்தில் மட்டும் ஒரு புள்ளியாக இருக்கிற இடம், அவ்வளவுதான். கருவியில் எண் ஒத்துப்போனதும் படகோட்டி இன்ஜினை அணைப்பார். பாட்டில்காரர் எழுந்து தண்ணீர் எடுப்பார். மாதத்தில் ஒரு நாள், வளைகுடாவின் உள்ளே தொடங்கி வெளிக்கடல் வரைக்கும் இப்படி ஐந்து நிலையங்கள். ஒன்பது வருடங்களாக இதுதான் அவர் வேலை. கடல் ஆய்வுக்கூடத்தில் அவருடைய பெயரைக் கேட்டால் நாலு பேருக்குச் சட்டென்று வாயில் வராது. பாட்டில்காரர் என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும்.

நான்காவது முடிந்தது, இனி ஐந்தாவது. அது வளைகுடாவின் வாயைத் தாண்டி, கடலடி சரிந்து ஆழமாகும் இடத்தில் இருந்தது. அலையை எதிர்த்துப் போக இரண்டு மணி நேரம், திரும்ப ஒன்றே முக்கால் மணி நேரம். படகோட்டி இன்ஜின் பக்கமே போகவில்லை. தூண்டில் கயிற்றை எடுத்து இரையைக் கோத்து, காலை நீட்டி உட்கார்ந்தார்.

"என்ன, அஞ்சாவதுக்குப் போலாமா?" என்றார்.

"போய்ட்டு வந்தாச்சே" என்றார் பாட்டில்காரர்.

இருவரும் சிரித்தார்கள். மாதாமாதம் சொல்லி, மாதாமாதம் சிரிக்கிற சிரிப்பு அது.

பாட்டில்காரர் படிவத்தை மடியில் விரித்துக்கொண்டார். பக்கத்தில் அட்டை கிழிந்த பழைய நோட்டு. போன வருடம், இதே மாதம், ஐந்தாம் நிலையம், எண்பது மீட்டர் ஆழம், ஆக்சிஜன் நாலு புள்ளி ஆறு இரண்டு. கொஞ்சம் யோசித்துவிட்டு நாலு புள்ளி ஐந்து ஒன்பது என்று எழுதினார். வெப்பத்தில் ஒரு தசமம் கூட்டினார். உப்பை அப்படியே விட்டார். உப்பில் கை வைத்தால் கேள்வி வரும் என்பது அனுபவப் பாடம். ஐந்தாம் நிலையம் என்று சீட்டு ஒட்டிய பாட்டில்களில் நான்காம் நிலையத்துத் தண்ணீரையே நிரப்பிப் பெட்டியில் அடுக்கினார். ஆய்வகத்தில் அதைச் சோதிக்கப் போகிறவரும் அவரே. பிறகு யாருக்குப் பயப்பட வேண்டும்?

பாட்டில்காரர் கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, போகப்போக உங்களுக்குச் சந்தேகம் வரும். முதல் பதினான்கு மாதங்கள் அவர் ஒழுங்காக ஐந்தாம் நிலையத்துக்குப் போனவர்தான். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டே போனார். பதினைந்தாவது மாதம் பாதி வழியில் இன்ஜின் படுத்துவிட்டது. படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, 'இயந்திரக் கோளாறு, செல்ல இயலவில்லை' என்று அழகாக எழுதிக் கொடுத்தார். அப்போதிருந்த மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னய்யா இது, கட்டம் காலியா இருக்கு? காலியா விட்டா தொடர் அறுந்துபோச்சுன்னு அர்த்தம். போன வருஷத்தப் பாத்து ஏதாவது போட்டு எடுத்துட்டு வா, போ."

போட்டார். வானம் இடிந்து விழவில்லை. அடுத்த முறை அலை பெரிதாக இருந்தது. அதற்கடுத்த முறை தலைவலி. அப்புறம் காரணமே தேவைப்படவில்லை. அந்த மேலதிகாரி மாலை மரியாதையோடு ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனார். அவர் கற்றுக்கொடுத்தது மட்டும் ஓய்வு பெறவில்லை.

பாட்டில்காரரின் தங்கை, வளைகுடாவுக்குள் கூண்டு கட்டி மீன் வளர்க்கும் பன்னிரண்டு குடும்பங்களில் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் கணவருக்கு இவர் மச்சான், இவருக்கு அவர் மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்றால் முறுக்கிக்கொண்டு நிற்கிற மாப்பிள்ளை இல்லை. விடிந்தால் தண்ணீரில் இறங்கி, இருட்டினால் கரையேறுகிறவர். நாலைந்து வருடங்களாக வளைகுடாவின் உள்தண்ணீர் சூடேறிக்கொண்டே வந்தது. மீன்களுக்குச் செதில் உதிர்ந்தது, புண் வந்தது. கூண்டுகளை வெளியே எங்காவது மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலைமை. கிழக்குப் பாறைப் பக்கம் போகலாமா, வளைகுடாவின் வாய்க்கு வெளியே போகலாமா என்று மீன் வளர்ப்போர் சங்கத்தில் இரண்டு மாதங்களாக வாக்குவாதம். கடைசியில், படித்தவர்களையே கேட்டுவிடலாம் என்று ஆய்வுக்கூடத்து மேடத்தை அழைத்திருந்தார்கள்.

மேடம் நல்ல மாதிரி. பெரிய படிப்பு படித்துவிட்டு, புரியாத மாதிரி பேசத் தெரியாதவர். சங்கக் கொட்டகையில் சுவரில் ஒரு படத்தை மாட்டி, அதன் பக்கத்தில் நின்று பேசினார்.

"ரொம்ப தூரத்துல, பனி உறையுற கடல்ல, தண்ணி குளிர்ந்து கனமாகி அடிக்கு இறங்கும். இறங்கும்போது காத்தையும் கூடவே எடுத்துக்கிட்டுப் போகும். அப்படியே கடலுக்கு அடியில வருஷக்கணக்கா நடந்து நடந்து நம்ம பக்கம் வரும். இப்போ உலகம் சூடாகுறதால அந்த நடை மெதுவாகுதோன்னு எல்லாருக்கும் பயம். மெதுவா வந்தா வழியிலேயே மூச்சு தீர்ந்துபோயிடும். மூச்சு தீர்ந்த தண்ணியில மீன் பிழைக்காது."

"நம்ம தண்ணி எப்படிங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

மேடம் படத்தில் ஒரு கோட்டைக் காட்டினார். மேடு பள்ளம் இல்லாமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சமமாகப் போகிற கோடு. "அதான் அதிசயம். இதுதான் அஞ்சாம் நிலையம். ஒன்பது வருஷமா நாலுக்குக் கீழ இறங்கினதே இல்ல. மத்த இடத்துல குறையுது, இங்க குறையல. இதப் பத்தி நான் எழுதினதப் படிச்சிட்டு வெளிநாட்டுல இருந்தெல்லாம் கடிதம் வருது. கூண்டு போட இதவிட நம்பிக்கையான இடம் எனக்குத் தெரியல." பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்து, "இந்தப் பெருமை எனக்கில்ல. அங்க உட்கார்ந்திருக்காரே, அவருக்கு. ஒன்பது வருஷம், ஒரு மாசம்கூட விடாம, அலை, வெயில் பார்க்காம போயிருக்கார்" என்றார்.

கொட்டகையே திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. "எங்க மச்சானாக்கும்!" என்று மாப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டார். பாட்டில்காரருக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது. சிரிக்க வேண்டும் என்று தோன்றியதால் சிரித்து வைத்தார்.

அன்று வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "கை தட்டினாங்களாமே, உங்க தங்கச்சி ஃபோன்ல சொன்னா" என்று மனைவி பூரித்துப்போய்ச் சொன்னபோது, "ஆமா, ஆமா" என்று எழுந்து கை கழுவப் போனார். தண்ணீர் நிஜமாகவே நன்றாக இருந்தால் என்ன, இருக்கக்கூடாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் நன்றாகத்தானே இருந்தது? பொய் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா? மனசு இப்படி வக்கீல் வேலை பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோனதும், சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். சங்கம் முடிவு செய்தபடி கூண்டுகளை ஐந்தாம் நிலையத்துப் பக்கம் மாற்ற இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

"அஞ்சாவதுக்கா? நிஜமாவேவா?" என்று படகோட்டி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறையாகக் கேட்டார். "உடம்புக்கு ஏதும் இல்லையே?"

"வண்டிய எடுங்க."

போனார்கள். வழியில் இரண்டு முறை வாந்தி. பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஐந்தாம் நிலையத்தில் கம்பியில் குழாயைக் கட்டி எண்பது மீட்டருக்கு இறக்கினார். இரண்டு பக்கமும் மூடி திறந்த குழாய் அது. கம்பி வழியே ஒரு பித்தளை எடையை விட்டால், அது கீழே போய் மோதியதும் மூடிகள் பட்டென்று மூடிக்கொள்ளும். அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே சிறைப்பட்டுவிடும். விரலில் கம்பியின் அதிர்வு தெரிந்ததும் மேலே இழுத்தார். குழாய் பனிக்கட்டி மாதிரி ஜில்லென்று இருந்தது.

கண்ணாடிப் பாட்டிலில் குமிழி இல்லாமல் வழிய வழியப் பிடித்து, இரண்டு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு மூடிக் குலுக்கினார். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால், அது நல்ல பழுப்பாகத் திரிந்து அடியில் படியும். எவ்வளவு பழுப்போ அவ்வளவு மூச்சு. இது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளை.

மறுபடி இறக்கினார். மறுபடி வெள்ளை. மூன்றாம் முறையும் வெள்ளை. ஐம்பது மீட்டரில் எடுத்துப் பார்த்தார், அங்கேயும் பெயருக்குத்தான் கொஞ்சம் நிறம்.

"என்னாச்சு?" என்றார் படகோட்டி.

"செத்த தண்ணி" என்றார் பாட்டில்காரர். பாட்டில்களை எல்லாம் பெட்டியில் அடுக்கி மூடினார். கரை சேரும்வரை படகோட்டி தூண்டிலைத் தொடவில்லை.

ஆய்வகத்தில் சோதித்ததில் புள்ளி மூன்று வந்தது. நாலரை இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி மூன்று. படிவத்தில், வருடக்கணக்கில் முதல் முறையாக, உண்மையை எழுதினார். எழுதியதை மூன்று முறை சரிபார்த்தார். வேடிக்கையைப் பாருங்கள், பொய் எழுதிய தொண்ணூற்று நாலு மாதமும் அவர் ஒரு முறைகூடச் சரிபார்த்ததில்லை.

மேடம் படிவத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னண்ணா இது, புள்ளி மூணா?"

"மூணு தடவ எடுத்தேன் மேடம். மூணும் இப்படித்தான்."

"இருக்க முடியாதே." கணினியைத் திருப்பிக் காட்டினார். அதே சமமான கோடு. அதன் ஓரத்தில், கிணற்றுக்குள் விழுந்த மாதிரி, இன்றைய புள்ளி. "போன மாசம் நாலு புள்ளி அஞ்சு ஒன்பது. அதுக்கு முந்தின மாசம் நாலு புள்ளி ஆறு. ஒன்பது வருஷம் அசையாத தண்ணி பதினெட்டு நாள்ல செத்துப்போகுமா? கடல் அப்படி நடந்துக்காது அண்ணா. குறையறதா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு, நமக்கு முன்னாடியே காட்டிக்கொடுத்திருக்கும்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கடல் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிக்கொடுத்திருக்கும். பார்க்க வேண்டியவர் நான்காம் நிலையத்தில், தூண்டில் போட்ட படகோட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"போன மாசம் எடுத்தப்போ பழுப்பு நல்லா வந்துச்சுல்ல?" என்று மேடம் கேட்டார்.

இதுதான் அந்த நிமிடம். பாட்டில்காரரின் வாழ்க்கையில் அப்படி ஒரு நிமிடம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 'போன மாசம் நான் போகவே இல்ல மேடம்' என்று ஆறு சொற்கள் சொன்னால் போதும். சொற்கள் நாக்கு நுனி வரை வந்தன. கூடவே கொட்டகையின் கைதட்டலும், எழுந்து நின்ற மாப்பிள்ளையும், பூரித்துப்போன மனைவியும் வந்து வழியை மறித்தார்கள்.

"மருந்து பழசாயிருக்கும் மேடம்" என்றார்.

"அதானே பார்த்தேன்!" மேடத்துக்கு நிம்மதி. "உங்க கைக்குத் தப்பு வராதுன்னு தெரியும். புது மருந்துக்கு எழுதிப் போடறேன். அடுத்த மாசம் பார்த்துக்கலாம்." அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் 'நம்பத் தகாதது' என்பதற்கான குறியைத் தட்டினார். கணினி அதைக் கோட்டிலிருந்து நீக்கியது. தொண்ணூற்று நாலு மாதத்துக்குப் பிறகு அவர் கொண்டுவந்த ஒரே உண்மையை, அவருடைய பொய்களே பஞ்சாயத்து கூட்டித் தள்ளி வைத்தன.

கூண்டுகளை இழுத்துப் போன நாளன்று படகுத்துறைக்குப் போனார். பதினாறு கூண்டுகள், நாலு இழுவைப் படகுகள். பன்னிரண்டு குடும்பமும் அங்கேதான் இருந்தது. தங்கை கூண்டின் மிதவையில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, நீங்களும் ஏறுங்க!" என்று கை காட்டினாள். மாப்பிள்ளை கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, ஒரு மாசம் பொறுத்துப் போனா என்ன?"

"ஏன் மச்சான்? உள்ள தினம் தினம் சாகுது."

"இல்ல, கிழக்குப் பாறைப் பக்கமே போயிருக்கலாமோன்னு..."

மாப்பிள்ளை கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "கிழக்குப் பாறைன்னு முதல்ல நின்னவனே நான்தானே. உங்க கணக்கப் பார்த்துட்டுத்தான் மனசு மாறினேன். என்ன விஷயம் மச்சான்? ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க."

கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார். நன்றாகவே காத்திருந்தார்.

"ஒண்ணுமில்ல. அலை ஜாஸ்தியா இருக்குமேன்னு சொன்னேன்."

"அலையா? அதுக்குப் பயந்தா இந்தத் தொழில்ல இருக்க முடியுமா?" என்று சிரித்துக்கொண்டே மாப்பிள்ளை முடிச்சை இறுக்கினார். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மீன்கள் இரை எடுத்தன, புண் ஆறியது. மாப்பிள்ளை தினமும் ஃபோன் செய்து சொன்னார். பாட்டில்காரருக்குக்கூட, மருந்து நிஜமாகவே பழசுதானோ என்று ஒரு நப்பாசை முளைத்தது. நாலாவது வாரம் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று கிளம்பியது. நாலு நாள் விடாமல் அடித்தது. மேல்தண்ணீரை அது வெளிக்கடலுக்குத் தள்ளத் தள்ள, காலியான இடத்தை நிரப்ப அடித்தண்ணீர் மெல்ல ஏறி வந்தது.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு ஃபோன் வந்தது.

"மச்சான், மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. தண்ணி ஜில்லுன்னு இருக்கு. என்ன செய்யணும்? மேடத்தக் கேட்டுச் சொல்லுங்க, சீக்கிரம்."

"கூண்ட உள்ள இழுங்க மாப்ள, உடனே இழுங்க!"

"இழுக்க அரை நாள் ஆகும் மச்சான்."

அரை நாளெல்லாம் அந்த மீன்களுக்கு இல்லை. பாட்டில்காரர் படகில் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. பதினாறு கூண்டிலும் வெள்ளை வயிறுகள் மல்லாந்து மிதந்தன, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. கூண்டு வலையில் ஒட்டி வாழ்ந்த நண்டுகள்கூட, தண்ணீரில் இருக்க முடியாமல் கயிற்றில் ஏறி வெளியே தொங்கின. ஆண்கள் கை வலையால் அள்ளி அள்ளிப் படகில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கை மிதவையில் இரை வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தீனி போடலாம்னு வந்தேன் அண்ணே" என்றாள். அவர் அவள் பக்கத்தில் உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் அந்த மிதவையில் அல்லாடினார்.

அன்று மத்தியானமே மேடத்தின் அறைக்குப் போய்ப் பழைய நோட்டை மேசைமேல் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். இப்போது சொற்களை யாரும் மறிக்கவில்லை. வர வேண்டிய நாளில் வராத சொற்கள், வந்து பிரயோஜனமில்லாத நாளில் ஆறாகப் பெருகின.

மேடத்துக்கு முதலில் புரியவே இல்லை. "போகலன்னா? எந்த மாசம் போகல?" என்று கேட்டார்.

"முதல் பதினாலு மாசம் போனேன் மேடம். அப்புறம் இந்த ஒரு தடவ. நடுவுல எதுவும் இல்ல."

"எதுவும்னா?"

"எதுவுமே இல்ல மேடம்."

மேடம் திட்டவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார், கடைசிப் பக்கம் வரை. பிறகு முதலிலிருந்து மறுபடி புரட்டினார். அவருடைய ஆறு வருட உழைப்பு அந்தக் கோட்டின் மேல்தான் கட்டப்பட்டிருந்தது. கண்ணில் நீர் நின்றது, ஆனால் வழியவில்லை.

இருவருமாக இயக்குநரிடம் போனார்கள். இயக்குநர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் மேசை மேல் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"இதப் பாரும்மா, இது வெளிய போச்சுன்னா அஞ்சாம் நிலையம் மட்டும் போகாது. நாம எழுதின அத்தனையும் போகும். நாளைக்கு நம்ம கடிகாரம் காட்டுற நேரத்தக்கூட எவனும் நம்ப மாட்டான். காத்தால வந்த இயற்கைச் சேதம்னு அறிக்கை எழுதுங்க. இவர கிடங்குக்கு மாத்திடறேன்."

"அப்போ இந்தத் தொண்ணூத்தி நாலு மாசம் சார்?"

"அப்படியே இருக்கட்டும். அழிச்சா கட்டம் காலியாத் தெரியும்."

பாட்டில்காரர் தண்டனைக்குத் தயாராக வந்திருந்தார். வேலை போகும், போலீஸ்கூட வரலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார். கிடங்கு, அவ்வளவுதான். மின்விசிறி உள்ள இடம். ஐந்தாம் நிலையத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து யார் போவது என்று அவர் கேட்டதற்கு, "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் இருந்ததை அவரைத் தவிர வேறு யாராலும் அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டிருக்க முடியாது.

மேடம் இயக்குநர் சொன்னபடி செய்யவில்லை. மறுநாள் காலை பாட்டில்காரரையும் கூட்டிக்கொண்டு சங்கக் கொட்டகைக்குப் போனார். கொட்டகை காலியாக இருந்தது. மாப்பிள்ளை மட்டும் ஒரு கூண்டு வலையைக் கழுவிக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். மேடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தன் மச்சானைப் பற்றித்தான் பேச்சு என்பது மாப்பிள்ளைக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அவர் வலையைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று பாட்டில்காரர் எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

மாப்பிள்ளை மேடத்தைப் பார்த்துக் கேட்டார். "அது இருக்கட்டும் மேடம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தத் தண்ணி வந்துட்டுப் போற தண்ணியா, இல்ல இனிமே இப்படித்தானா?"

"தெரியல."

"எப்போ கெட்டுப்போச்சு? போன வருஷமா? அஞ்சு வருஷம் முன்னாடியா? கிழக்குப் பாறைப் பக்கமும் வருமா? உள்ளயும் வருமா? மறுபடி குஞ்சு வாங்கி விடலாமா வேண்டாமான்னு பன்னெண்டு வீட்டுலயும் கேக்கறாங்க மேடம்."

"தெரியல" என்றார் மேடம் மறுபடியும். குரல் உடைந்துவிட்டது. "அதச் சொல்றதுக்குத்தான் மாசாமாசம் அளக்கச் சொன்னோம். கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுதா, திடீர்னு குறைஞ்சுதா, எந்த மாசத்துல குறையும், எந்த மாசத்துல ஏறும், எல்லாம் அந்தத் தொண்ணூத்தி நாலு மாசத்துல இருந்திருக்கும். இன்னிக்குப் போய் அளக்கலாம். நாளைக்கும் அளக்கலாம். நேத்தைக்கு இருந்த தண்ணிய, உலகத்துல எந்தக் கருவியக் கொண்டுவந்தாலும் இனிமே அளக்க முடியாது. இனி முதல்ல இருந்து ஆரம்பிச்சு பத்து வருஷம் பார்த்தாத்தான் உங்களுக்குப் பதில் சொல்லலாம்."

"பத்து வருஷம்" என்றார் மாப்பிள்ளை. அவர் வீட்டில் பத்து வருடம் தாங்குகிற பொருள் எதுவும் மிச்சமில்லை.

பிறகுதான் அவர் பாட்டில்காரர் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபத்தைத் தேடினால் கிடைக்கவில்லை. புரியாமைதான் இருந்தது.

"ஏன் மச்சான், அங்க போய் ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டு வர்றது அவ்வளவு கஷ்டமா?"

பாட்டில்காரர் யோசித்துப் பார்த்தார். இன்ஜின், அலை, வாந்தி, தலைவலி, கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்ற மேலதிகாரி, எல்லாம் வந்து வரிசையில் நின்றன. எல்லாம் நடந்தவைதான். ஆனால் எதுவும் பதில் இல்லை. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக, மற்றவர்களுக்கு மட்டுமல்ல, தனக்கும் உண்மையைச் சொன்னார்.

"கஷ்டம்னு இல்ல மாப்ள. போனேனா இல்லையான்னு யாரும் பார்க்கல. அவ்வளவுதான்."

மாப்பிள்ளை குனிந்து வலையை எடுத்துக்கொண்டார்.

"நாங்க பார்க்காம இருந்ததே, நீங்க பார்த்துக்குவீங்கன்னுதான் மச்சான். யாரும் பார்க்காத இடத்துல ஒருத்தர வேலைக்கு வெக்கறோம்னா, எங்க எல்லாரோட கண்ணையும் அவர்கிட்ட கொடுத்து அனுப்பறோம்னு அர்த்தம். நீங்க கண்ண மூடிக்கிட்டீங்க, நாங்க பன்னெண்டு குடும்பமும் குருடாயிட்டோம்."